சிவப்பில் இறுக்கு

டியூபை உருவிய அன்று
லிஃப்ட் வரை நனையாமல் நடந்தேன்.
லிஃப்ட் இறங்கியது.
கூடவே அதுவும், காலுறை வரை.
மொண்டேவிடியோவின் நல்ல வெயிலில்
கோட்டை முன்பக்கமாய்ப் பிடித்துக்கொண்டு
குளிர்கிறது என்றேன் நிபியாவிடம்.
ஆமாம் என்றாள், விசிறிக்கொண்டே.

முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவன் நான்.
முனைக்கு முனை ஒன்றேகால் மணி நேரம்.
எதையெல்லாம் அடக்கியிருக்கிறேன்!
மூத்திரத்தை, பசியை, கெட்ட வார்த்தையை,
அம்மா போய்விட்டாள் என்று போன் வந்த அன்று
செரோ நிறுத்தம் வரும்வரை அழுகையை.
யமந்து கல் என்பார்கள் டிப்போவில்.
இப்போது ஒரு தும்மலுக்குத் தோற்கிறேன்.

புரோஸ்டேட்டை எடுத்த டாக்டர்
எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னார்:
இரண்டு பிரேக்கில் ஒன்று போய்விட்டது,
இனி ஹேண்ட் பிரேக்தான். பழக்குங்கள்.

பழக்க வந்தவள் லெத்திசியா ஓலஸ்கோகா,
என் மகளைவிட இரண்டு வயது சின்னவள்.
நான் இருட்டில்கூடச் சொல்லாத பெயர்களை
காய்கறிப் பெயர் போலச் சொன்னாள்.
"பின்பக்கம் இல்லை, முன்பக்கம்.
குறியை உள்ளே சுருக்குங்கள்.
ஆற்றில் இறங்கும்போது குளிர்ந்த நீர்
அந்த இடத்தைத் தொடும் நொடியில்
என்ன செய்வீர்களோ, அதை.
மூச்சைப் பிடிக்காதீர்கள்.
முகத்துக்கு இதில் வேலையே இல்லை."
சிரித்துவிட்டேன்.
சிரித்ததற்கும் விலை இருந்தது.

ஒரு நாளின் பேடுகளை எல்லாம்
பையில் கட்டி நிறுக்க வேண்டும்.
நானூற்றுப் பத்து கிராம்.
மாவு நிறுக்கும் தராசில்தான் வைத்தேன்.
மறுநாள் நிபியா இன்னொன்று வாங்கி வந்து
நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்தாள்:
இது உன்னுடையது.

இங்கே ஆண்பிள்ளை என்றால்
கக்கத்தில் பிளாஸ்க், கையில் மாத்தே.
இரண்டையும் பரணில் ஏற்றினேன்.
குடிக்காவிட்டால் ஒழுகாது என்பது என் வைத்தியம்.
லெத்திசியா என் உதட்டைப் பார்த்தே பிடித்தாள்.
"காய்ந்த பை இன்னும் எரியும்.
தண்ணீர் குடியுங்கள். மாத்தே மட்டும் பாதி."

பிறகு என் பழைய பஸ்ஸில்
பயணியாய்ப் போய் உட்கார்ந்தேன்.
ஜூலை பதினெட்டு அவென்யூ நெடுக
சிவப்பில் இறுக்கு, பத்து எண்ணு,
பச்சையில் விடு.
வாழ்நாளெல்லாம் திட்டிய சிவப்புக்கு
இப்போது ஏங்கினேன்.
என் காலியிடத்துக்கு வந்த பையன்
மஞ்சளில் பறக்கிறான், ராஸ்கல்,
என் பயிற்சியில் நாலைக் காணோம்.

முன்னூறு, இருநூற்று நாற்பது,
நூற்றுத் தொண்ணூறு.
அங்கேயே நின்றது ஒரு மாதம்.
லெத்திசியா கருவியை வைத்துத் திரையைத் திருப்பினாள்.
சாம்பல் நிறத்தில் ஏதோ மேலேறியது.
"இப்போது விடுங்கள்."
விட்டேன்.
"இல்லை."
விட்டேன், அம்மா.
"பாருங்கள், பச்சை வந்தாயிற்று,
நீங்கள் நகரவில்லை.
நாள் முழுக்கப் பிடித்திருக்கிற தசை
தும்மும்போது களைத்திருக்கும்."

அது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.
நிஜமாகவே தெரியவில்லை.

நாலு மாதமாய் சோபாவில் படுத்தவன்
அன்றிரவு ரப்பர் விரிப்பைச் சுருட்டி
அறைக்குள் போனேன்.
நிபியா கண் திறக்காமல் நகர்ந்து
இடம் விட்டாள்.
முதலில் தாடை விட்டது. பிறகு தோள்.
வயிறு, எவ்வளவோ நேரம் கழித்து.
அப்புறம் கீழே
எப்போதோ இழுத்த ஹேண்ட் பிரேக்
மெல்ல இறங்குவது தெரிந்தது.
விரிப்பு நனைந்ததா என்று காலையில்தான் பார்த்தேன்.
கொஞ்சம்.

டிசம்பரில் ராமிரெஸ் கடற்கரை.
ஆறுதான், ஆனால் கடல் என்றே சொல்வோம்.
முழங்கால், தொடை, பிறகு
அந்த இடம்.
நான் சொல்லும் முன்பே அது சுருங்கியது.

நேற்று எட்டு கிராம்.
அதிலும் ஆறு, தொண்ணூற்றிரண்டாம் நிமிடத்துக் கோலுக்கு
நான் நாற்காலியை விட்டு எகிறியதில்.
பொட்டு வைத்த தராசைப் பார்த்துவிட்டு
நிபியா சொன்னாள்:
கணக்கில் வேண்டாம்.
அது ஆஃப்சைட்.